பழைய விமானக் கம்பெனிக் கடிதம்: எதை நம்பி வாங்கலாம்?

கேள்வி: பழைய வணிகக் கடிதங்களைச் சேகரிக்கிறேன். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் மூன்று கடிதங்கள் மலிவு விலைக்கு வந்திருக்கின்றன. முதலாவது, ‘ரைட் சைக்கிள் கம்பெனி’ தாளில் 1902-இல் என்ஜின் விசாரித்து எழுதியது. அடுத்தது, ‘பிரிஸ்டல் ஏரோபிளேன் கம்பெனி’ பெயரில் 1913-ஆம் ஆண்டுக் கடிதம். கடைசியாக, 1918-இல் மரக்கட்டைக்கு ஆர்டர் கொடுத்த போயிங் கடிதம். மெல்லிய தாள், முகப்பும் (மேலே அச்சிட்ட கம்பெனிப் பெயர்) கையெழுத்தும் இல்லை. இரண்டாவது மட்டுமே சரியானதாகப் படுகிறது. வாங்கலாமா?

பதில்: நான் முதலில் ஒதுக்குவது அந்த இரண்டாவதைத்தான்.

பிரிஸ்டல் நகரத் தொழிலதிபர் சர் ஜார்ஜ் வைட் 1910 பிப்ரவரியில் விமானத் தொழிலில் இறங்கியபோது ‘பிரிஸ்டல்’ பெயரையும் பதிவுசெய்து வைத்தார் என்பது உண்மை. ஆனால் 1920 வரை வியாபாரம் நடந்தது ‘பிரிட்டிஷ் அண்ட் கலோனியல் ஏரோபிளேன் கம்பெனி’ என்ற பெயரில். விமானங்களுக்குத்தான் பிரிஸ்டல் என்று பெயர். ஆகவே 1913-ஆம் ஆண்டுத் தாளில் அந்தச் சொல் இருப்பதில் தவறில்லை. கம்பெனியின் பெயராக இருப்பதுதான் இடிக்கிறது.

எந்தக் கம்பெனிக்கும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பெயர் மாறிய பிறகும் அச்சடித்த பழைய தாளைத் தீரும்வரை பயன்படுத்துவது அலுவலக வழக்கம். சிக்கனக்காரர்கள் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதியதைத் தட்டச்சு செய்ததும் உண்டு. எனவே பிந்தைய தேதியில் பழைய பெயர் இருக்கலாம். முந்தைய தேதியில் புதிய பெயர் இருக்க வழியே இல்லை. போயிங்கும் 1916-இல் தொடங்கியபோது ‘பசிபிக் ஏரோ புராடக்ட்ஸ்’தான், 1917-இல்தான் போயிங் ஆனது. ஆகவே உங்கள் 1918 கடிதத்தில் அந்தப் பெயர் இடிக்கவில்லை.

சைக்கிள் தாளைக் கண்டு மிரள வேண்டாம். 1899 மே 30 அன்று பறத்தல் பற்றிய நூல்கள் கேட்டு ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்துக்கு வில்பர் ரைட் எழுதிய கடிதமே சைக்கிள் கடைத் தாளில்தான் இருக்கிறது. விமானத்துக்கென்று ரைட் சகோதரர்கள் தனிக் கம்பெனி தொடங்கியது 1909 நவம்பரில். 1902 டிசம்பரில் பல என்ஜின் தயாரிப்பாளர்களுக்கு அவர்கள் எழுதியதும் உண்மை. சரியான பதில் வராமல், கடை மெக்கானிக் சார்லி டெய்லர்தான் என்ஜினைச் செய்து கொடுத்தார். ஆக, செய்தி பொருந்துகிறது. எனக்கு உறுத்துவது விலை. அசல் ரைட் கடிதத்தை யாரும் மலிவாக விற்க மாட்டார்கள். அவர்களுடைய ஆவணங்களில் பெரும்பகுதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். அங்கே இதே கடிதம் வரிக்கு வரி கிடைத்தால், உங்களிடம் வருவது அதன் அச்சுப் பிரதியாக இருக்கக்கூடும்.

மூன்றாவது தாளில் முகப்பும் கையெழுத்தும் இல்லாதது குறையல்ல. வெளியே போனது அசல். அலுவலகக் கோப்பில் தங்கியது, அடியில் கார்பன் தாள் வைத்து எடுத்த கார்பன் நகல். நகலுக்கு முகப்புத் தாளை யாரும் வீணாக்குவதில்லை. கார்பன் எழுத்தின் ஓரம் சற்று மங்கிப் பரவியிருக்கும். அந்தக் காலத்து மரம், துணி, ஆணி விலையெல்லாம் இத்தகைய தாள்களில்தான் கிடைக்கும். கையெழுத்து வேட்டைக்காரர்கள் இவற்றைச் சீண்டுவதில்லை என்பதால் விலையும் கட்டுப்படியாகும்.

பணம் அனுப்புமுன் மூன்றுக்கும் பின்பக்கப் படம் கேளுங்கள், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி எடுத்ததாக. தட்டச்சு இயந்திரத்தின் முற்றுப்புள்ளி தாளைக் குத்தும். உண்மையாகவே தட்டச்சு செய்த தாளானால் பின்புறம் சிறு மேடுகள் தெரியும். நேரில் பார்க்க முடிந்தால் முகப்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: வண்ணப் புள்ளிகள் கலந்து எழுத்தாகியிருந்தால் அது நம் காலத்துப் பிரிண்டர் வேலை. படம் தர விற்பனையாளர் மறுத்தால் மூன்றையும் விட்டுவிடுங்கள். தந்து, மேலே சொன்னதெல்லாம் பொருந்தினால் போயிங் நகலை மட்டும் வாங்குங்கள்.