வாசகர் கேள்வி பதில்: மெலியேஸின்ர ஒரு நிமிசப் படங்கள்

கேள்வி: ஏ/எல்லுக்கு ஊடகக் கற்கை படிக்கிறன். ஜோர்ஜ் மெலியேஸின்ர நிலாப் படத்தப் பாத்திட்டு வரச்சொல்லி சேர் சொன்னவர். சந்திரன்ர கண்ணில ரொக்கெற் குத்துறது மட்டும் விளங்கிச்சு, மிச்சம் பிடிபடேல்ல. எங்கயிருந்து துவங்கிறது? (கிளிநொச்சி மாணவி)

பதில்: தங்கச்சி, அதில இருந்து துவங்காதேங்கோ. அது 1902ல வந்தது, கிட்டத்தட்ட 14 நிமிசம், அதுக்கு முதலே ஆறு வருசமா மனுசன் ஒரு நிமிசம் ரெண்டு நிமிசம் ஓடுற படங்கள் எடுத்துத் தள்ளிப்போட்டார், அவற்ற கை எப்பிடிப் பழகினதெண்டு அதுகளிலதான் தெரியும். பாரிஸ்காரர், தகப்பனுக்குச் சப்பாத்துத் தொழிற்சாலை, தன்ர பங்க வித்துப்போட்டு 1888ல ஒரு மாஜிக் அரங்கத்த வாங்கினவர். 1895 டிசம்பர் 28 லூமியர் சகோதரர் தாங்கள் செய்த மெசினால பாரிஸில படம் காட்டேக்க அங்க இருந்து பாத்திட்டு அந்த மெசின விலைக்குக் கேட்டார், குடுக்கேல்ல. விட்டாரோ? லண்டனில ரொபேட் போல் எண்டவரிட்ட படங் காட்டுற மெசின வாங்கி, அதையே படம் பிடிக்கிற கமராவா மாத்தினார்.

முதல்ல 1896ல வந்த, பொம்பிளை மறையிற படத்தப் பாருங்கோ, பிறகு 1898ல வந்த நாலு தலைப் படம், 1900ல ஏழு மெலியேஸ் ஒண்டா இருந்து வாத்தியம் வாசிக்கிறது, 1901ல ரப்பர் தலை. எல்லாம் யூடியூப்பில கிடக்கு, டேட்டாவும் பெரிசாப் போகாது. அதுக்குப் பிறகு நிலாவுக்குப் போங்கோ, ஒவ்வொரு காட்சிக்குள்ளயும் அந்தச் சின்னப் படங்கள் நிக்கிறது தெரியும்.

கேள்வி: எங்கட தாத்தா கூத்து அண்ணாவியார். மெலியேஸின்ர படங்களில கமரா அசையவே இல்ல, எங்கட கூத்த முன்னால நிண்டு வீடியோ எடுத்த மாதிரித்தான் கிடக்கு. இத ஏன் சினிமா எண்டு தூக்கிப் பிடிக்கிறியள்? (வற்றாப்பளை)

பதில்: தம்பி, நல்ல கேள்வி, கனபேர் இதையேதான் எழுதியும் வச்சிருக்கினம், ஆனா நான் ஒத்துக்கொள்ள மாட்டன். கூத்தில பாக்கிற ஆள் எழும்பி மற்றப் பக்கம் போயிருந்தும் பாக்கலாம், மெலியேஸுக்கு ஒரேயொரு கண்தான், அந்தக் கண் அசைஞ்சா வித்தை கெட்டுப்போகும், அதாலதான் கமரா ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. மேலே சொன்ன 1896 படத்தில வாற பொம்பிளைய மேடையில மறைக்கிறதெண்டா கதிரைக்குக் கீழ பலகைக்கதவு வேணும். படத்தில அது தேவையில்ல. கமராவ நிப்பாட்டி, அவ எழும்பிப் போக, திரும்பச் சுத்தினார், அவ இருந்த இடத்தில எலும்புக்கூடு இருக்குது. ஆனா நிப்பாட்டினது மட்டும் காணாது, சுத்துறது நிண்டு திரும்பத் துவங்கிற இடத்தில படம் துள்ளும், அதால அந்த இடத்து ஃபிலிம வெட்டி ஒட்டினவர் எண்டத பிறகு வந்த ஆராய்ச்சிக்காரர் ஃபிலிமில பாத்தே கண்டுபிடிச்சவை. அது எடிட்டிங் இல்லாம வேற என்ன? கண்ணுக்குத் தெரியாத வெட்டு எண்டபடியா எங்களுக்கு மேடை மாதிரி இருக்கு, அவ்வளவுதான்.

நாலு தலைப் படத்த ஒருக்கா நிதானமாப் பாருங்கோ. தன்ர தலையக் கழட்டி மேசையில வைப்பார், கழுத்தில புதுத்தலை முளைக்கும், இப்பிடி மூண்டு தரம், பிறகு பாஞ்ஜோவ எடுத்து வாசிக்க மேசையில இருக்கிற தலையள் பாடத் துவங்க, எரிச்சலில ரெண்ட அடிச்சு நொருக்குவார். பின்னால கறுப்புத் திரை, கறுப்பு ஃபிலிமில பதியாது, அதால ஒருக்கா எடுத்த ஃபிலிம பின்னுக்குச் சுத்திக் கொண்டந்து அதுக்கு மேலயே திரும்ப எடுக்கிறது. எந்த நேரம் எந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சன் எண்டத மனசுக்குள்ள எண்ணிக்கொண்டே நடிக்கோணும், பிடிச்சத உடன பாக்க ஒரு வழியுமில்ல, ஒரு எண்ணிக்கை பிசகினா முழுக்கப் பாழ். உங்கட தாத்தாவுக்கு இது உடன விளங்கும், தாளம் பிசகாம ஆடுறவைக்குத்தான் இந்த வேலையின்ர கஸ்டம் தெரியும்.

கேள்வி: எங்களிட்ட ஒரு ஃபோன் மட்டும்தான் இருக்கு. நாங்களும் இப்பிடி எடுக்கலாமோ? (புதுக்குடியிருப்பு, நாலு நண்பர்கள்)

பதில்: தாராளமா. ஃபோன ஸ்ராண்டில இல்லாட்டி மேசையோட சேத்து இறுக்கிக் கட்டுங்கோ. திரையில கொஞ்சநேரம் அமத்திப் பிடிச்சா கனக்க ஃபோனில வெளிச்சமும் ஃபோக்கஸும் பூட்டுப்படும், அதச் செய்யாட்டி ஆள் மாறேக்க வெளிச்சமும் மாறிக் காட்டிக் குடுத்திடும். நிக்கிற இடத்த நிலத்தில கீறி வையுங்கோ. மறையிற ஆளத் தவிர மற்ற ஆக்கள் மூச்சையும் அடக்கிக்கொண்டு நிக்கோணும். வளவுக்குள்ள எடுத்தியளெண்டா பின்னால வாழையிலை ஆடுறதிலயே வெட்டுத் தெரிஞ்சுபோகும், முகில் வந்தாலும் அப்பிடித்தான். மெலியேஸ் துணியில சீன் கீறித் தொங்கவிட்டது இதுக்கும் நல்லா உதவிச்சு. அந்தக் காலத்து ஃபிலிமுக்கு வெயில் வேணும், காத்து வேண்டாம், அதாலதான் 1897ல மொந்த்ரோய் எண்ட இடத்தில சுவரும் கூரையும் கண்ணாடியில ஸ்ரூடியோ கட்டினவர்.

ரப்பர் தலைப் படத்தில அந்தத் தலை எப்பிடி ஊதிப் பெருக்குது எண்டும் கேட்டிருந்தியள். அங்கயும் கமரா அசையேல்ல, மெலியேஸ் ஒரு வண்டில்க் கதிரையில இருந்துகொண்டு சரிவான தட்டில கமராவுக்குக் கிட்ட இழுபட்டு வாறார், உடம்பு முழுக்கக் கறுப்புத் துணியால மறைச்சபடியா தலை மட்டும் பெருக்குது. எடுத்து முடிச்சா எனக்கும் அனுப்புங்கோ, கட்டாயம் பாப்பன்.

கேள்வி: சில படம் கலரில இருக்கே, கம்பியூட்டரில போட்டதோ? (வவுனியா)

பதில்: இல்ல. எலிசபெத் துயிலியே எண்ட அம்மாவின்ர பட்டறையில பெண்கள் இருந்து ஒவ்வொரு சின்னச் சட்டமா பிரஷால தீட்டினவை. படங்களின்ர பேரோட அவையின்ர பேரும் வரோணும் எண்டதுதான் என்ர எண்ணம்.

கேள்வி: 2009ல இடம்பெயர்ந்து போகேக்க எங்கட கலியாண வீடியோ, அல்பம் எல்லாம் விட்டுட்டு ஓடினாங்கள். மெலியேஸ் தன்ர படங்களத் தானே எரிச்சவராமே, ஏன்? பிறகு எப்பிடிக் கிடைச்சது? (முல்லைத்தீவு)

பதில்: ஓம் அம்மா, எரிச்சவர்தான். பெரிய கொம்பனியளோட போட்டி போடேலாமக் கடன்பட்டு 1913க்குப் பிறகு படம் எடுக்கிறத விட்டுட்டார், முதலாம் உலகச் சண்டையில அவற்ற ஃபிலிம்கள இராணுவம் எடுத்து உருக்கி சப்பாத்துக் குதிக்குப் பாவிச்சது, 1923ல ஸ்ரூடியோவும் கைய விட்டுப் போக வைக்க இடமில்லாம, ஆத்திரத்தில மிச்ச நெகட்டிவ, அதாவது கொப்பியள் அடிக்கிற மூல ஃபிலிம, கொழுத்தினார். பிறகு மொன்பர்னாஸ் ரயில் ஸ்ரேசனில விளையாட்டுச் சாமான் வித்தவர். 500க்கு மேல எடுத்ததில இண்டைக்கு ஏறத்தாழ 200தான் இருக்கு.

அந்த 200ம் மிஞ்சினது அவற்ற கையில இல்லாததாலதான். ஊர்ஊராப் படங் காட்டுறவைக்கு கொப்பியள வித்திருந்தவர். அமெரிக்காவில களவாக் கொப்பியடிச்சு விக்கிறாங்கள் எண்டு 1903ல தன்ர அண்ணன் காஸ்தோன நியூயோர்க்கில கந்தோர் திறக்க விட்டார், அங்க ஒரு நெகட்டிவ் அனுப்பத் தேவைப்பட்டபடியா ரெண்டு நெகட்டிவ் ஒண்டாப் பிடிக்கத் துவங்கினவர். நிலாப் படத்தின்ர கலர்க் கொப்பி 1993ல பார்சலோனாவில கட்டியா இறுகின நிலையில கிடைச்சுது, அத உரிச்சு உரிச்சு திருத்தி 2011ல பிரான்சில நடக்கிற கான் திரைப்பட விழாவில காட்டினவை.

உங்கட வீடியோவின்ர கொப்பி ஒண்ட அந்த நேரம் வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பியிருப்பியளோ எண்டு ஒருக்கா விசாரியுங்கோ, கனடாவில லண்டனில ஆரின்ரயும் அலுமாரிக்குள்ள கிடக்கலாம். கிடைச்சா உடன டெக்கில போட்டுப் பாக்கச் சொல்லாதேங்கோ, பூஞ்சணம் பிடிச்ச ரேப் உள்ளுக்க சிக்கி அறுந்துபோகும், துப்புரவாக்கி டிஜிட்டலாக்கித் தாறவையிட்டக் குடுக்கச் சொல்லுங்கோ, எடுத்தாப் பிறகு ரெண்டு மூண்டு கொப்பி அடிச்சு வேற வேற வீடுகளில வையுங்கோ.