காலையில் கொழுந்து, மாலையில் கவகோயே: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மே மாதம் அலுவலக வேலையாக டோக்கியோ போகிறேன். கையில் ஒரே ஒரு ஓய்வு நாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கவும் வேண்டும், பழைய ஊர் ஒன்றைச் சுற்றிப் பார்க்கவும் வேண்டும். ஷிசுவோகா போகலாமா, ஊஜி போகலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் வேண்டாம். புல்லட் ரயிலுக்குப் பணமும் நேரமும் செலவழிக்காமல், டோக்கியோவின் வடமேற்கில் உள்ள சைத்தமா மாநிலத்துக்குப் போங்கள். இருமா நகரைச் சுற்றி சயாமா தேயிலை விளைகிறது. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கவகோயே, பழைய பாணி வணிகர் தெருவும், எடோ காலத்துக் (1603–1868) கோட்டை மாளிகையும் மிஞ்சியிருக்கும் ஊர். தோட்டமும் ஊரும் பக்கத்தில் இருப்பது மட்டும் காரணமல்ல. சயாமா தேயிலையின் கதை தொடங்குவதே கவகோயேயில் உள்ள ஒரு கோயிலில்தான். அதைப் பிறகு சொல்கிறோம்.

டோக்கியோவின் இகெபுகுரோ நிலையத்திலிருந்து செய்பு நிறுவன ரயிலில் இருமா-ஷி நிலையத்துக்குச் சுமார் 40 நிமிடம். தோட்டங்கள் நிலையத்தை ஒட்டி இல்லை. பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும். தேயிலை நிலங்கள் பரந்து கிடக்கும் மேட்டுப் பகுதிக்கு அருகில் இருப்பது கனேகோ நிலையம். பல பயணத் திட்டங்களில் இந்தப் பெயரே இருக்காது. கவகோயேயிலிருந்து கோமகாவா வழியாக ஹச்சியோஜி போகும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) வண்டி இங்கே நிற்கும். சில வண்டிகளில் மட்டும் கோமகாவாவில் மாற வேண்டியிருக்கும். ஒற்றை ரயில் பாதை என்பதால் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு 20, 30 நிமிடம் காத்திருக்க நேரும். கதவும் தானாகத் திறக்காது, பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அது தெரியாமல் உள்ளேயே நின்று நிலையத்தைத் தவறவிடுபவர்கள் உண்டு.

இருமா-ஷியிலிருந்து கவகோயே போவதானால் பேருந்தில் சயாமா-ஷி நிலையம் சென்று, அங்கிருந்து ரயிலில் கவகோயே ஊரின் ஹொன்-கவகோயே நிலையம். ரயிலில் பத்து நிமிடப் பயணம்தான். டோக்கியோ திரும்பும்போது அதே ஊரின் இன்னொரு நிலையமான கவகோயேயிலிருந்து தோபு தோஜோ தட வண்டியைப் பிடித்தால் சுமார் அரை மணி நேரத்தில் இகெபுகுரோ. முன்பணம் ஏற்றிய ஒரே சூயிகா பயண அட்டை எல்லா வண்டிகளிலும் செல்லும்.

கேள்வி: மே மாதத்தில் எந்த வாரம் நல்லது?
– வாசகி, பெங்களூரு

பதில்: வசந்தத் தொடக்க நாளிலிருந்து எண்பத்தெட்டாவது நாள், பெரும்பாலும் மே 2, ஜப்பானில் முதல் பறிப்பின் அடையாள நாள். ஆனால் ஜப்பானின் தேயிலைப் பகுதிகளில் சயாமா வடக்கே, குளிர் மிகுந்த இடத்தில் இருக்கிறது. இங்கே முதல் கொழுந்து மே மாதம் முழுக்கக் கிடைக்கும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை தேசிய விடுமுறைக் கூட்டம் கவகோயேயில் தோளோடு தோள் இடிக்கும். ஆகவே அதற்குப் பிந்தைய இரண்டு வாரங்களில் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். இருமா நகர அருங்காட்சியகம், கவகோயே கோட்டை மாளிகை இரண்டுக்கும் அன்று விடுமுறை. முன்பதிவு இல்லாமல் தோட்டத்துக்குள் இறங்க முடியாது. மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்பதையும் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். நனைந்த இலையைப் பறித்தால் தரம் கெடும் என்பதால் பறிப்பையே ரத்து செய்வது வழக்கம்.

கேள்வி: கொழுந்து எடுப்பதில் அப்படி என்ன நுணுக்கம்? நகத்தால் கிள்ளினால் போதாதா?
– வாசகி, நீலகிரி

பதில்: கிள்ளக் கூடாது, ஒடிக்க வேண்டும். நகம் பட்ட இடத்தில் செல்கள் நசுங்கி, இலைச்சாறு காற்றோடு சேர்ந்து சில நிமிடங்களில் பழுப்பாகும். கறுப்புத் தேயிலைக்கு அந்த மாற்றம் எப்படியும் தேவை. ஜப்பானியப் பச்சைத் தேயிலையில் அதுவே குறை.

ஒரு மொட்டு, அதன் கீழ் விரிந்த இரண்டு இலை. இரண்டாவது இலைக்குக் கீழே தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பக்கவாட்டில் மடக்குங்கள். இளந்தண்டு 'டிக்' என்று உடையும். மடங்கியும் உடையாமல் நார் போல இழுத்தால் தண்டு முற்றிவிட்டது என்று பொருள். ஒரு கணு மேலே போய்ப் பிடியுங்கள். முற்றிய தண்டைச் சேர்த்தால் பிறகு சுருட்டும்போது இலையோடு சுருளாமல் குச்சியாக நிற்கும்.

கை நிறைய அள்ளி இறுக்கிப் பிடிக்காதீர்கள். பறித்த பின்னும் இலை சுவாசிக்கிறது, வெப்பம் விடுகிறது. கூடையில் அமுக்கி வைத்தால் நடுவில் சூடேறி, இலைக்காம்பு சிவக்கத் தொடங்கும். கூடையை வெயிலிலும் வைக்கக் கூடாது. கையில் வாசனைக் களிம்பு, உடலில் சென்ட் எதுவும் வேண்டாம், தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அந்த மண் எரிமலைச் சாம்பல் கலந்த கரிசல். ஈரமானால் காலணியில் அப்பிக்கொள்ளும். பழைய ஷூ போதும்.

கேள்வி: பறித்ததை விடுதியிலேயே தேநீராக்க முடியுமா? எவ்வளவு கிடைக்கும்?
– வாசகர், சென்னை

பதில்: பச்சை இலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். 100 கிராம் பறித்தால் 20 கிராம் தேயிலை, அதாவது 5 கிராம் வீதம் நான்கு முறை போடலாம். தோட்டத்தில் இலையைக் கொடுத்தனுப்பினால் மூடிய பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதப் பையில் வாங்கி, அன்றிரவே செய்துவிடுங்கள்.

அறையில் மைக்ரோவேவ் இருந்தால், 50 கிராம் இலையைத் தட்டில் பரப்பி, மெல்லிய உறையால் மூடி ஒன்றரை நிமிடம் வையுங்கள். பச்சைப் புல் வாடை போய் வெந்த கீரை மணம் வந்தால் சரி. வராவிட்டால் இன்னும் அரை நிமிடம். இங்கே அவசரப்பட்டால் நொதி (என்சைம்) செயலிழக்காமல் இலை செம்பழுப்பாகிவிடும். பிறகு சமையலறைக் காகிதத்தின் மேல் கொட்டி, உள்ளங்கையால் உருட்டி உருட்டி ஈரத்தை வெளியேற்றுங்கள். இனி மூடாமல் ஒரு நிமிடம் சூடு, மறுபடி உருட்டல். தண்டு ஒடியும் அளவுக்குக் காயும்வரை இதே சுற்று. கடைசிச் சுற்றுகளில் அரை நிமிடத்துக்கு மேல் வைத்தால் கருகும். ஒழுங்கான ஊசி வடிவம் வராது, வாசனை வரும்.

மைக்ரோவேவ் இல்லையென்றால் கவலை வேண்டாம், தெரிந்தவர் வீட்டில் பஜ்ஜி மாவில் தோய்த்துப் பொரித்துத் தின்னுங்கள். ஜப்பானிலும் தேம்புராவாகச் செய்கிறார்கள்.

கேள்வி: தேயிலை வயலில் ஏன் கம்பத்துக்குக் கம்பம் மின்விசிறி?
– பள்ளி மாணவன், ஈரோடு

பதில்: பனிக் கருகலைத் தடுக்க. தெளிவான வசந்த இரவுகளில் குளிர்ந்த காற்று தரையோடு படியும், சில மீட்டர் மேலே காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும். விசிறி அதைக் கீழே தள்ளுகிறது. முளைத்த கொழுந்து ஓர் இரவில் கருகினால் அந்த ஆண்டின் முதல் பறிப்பே போச்சு.

கேள்வி: கவகோயேயில் அரை நாள்தான். எந்த வரிசையில் நடக்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலோர் நேரே வணிகர் தெருவுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். கோயில்களும் மாளிகையும் சீக்கிரம் மூடுவதால் தலைகீழாகச் செய்யுங்கள்.

ஹொன்-கவகோயேயில் மதியம் ஒன்றரைக்கு இறங்கினால் முதலில் தென்கிழக்கே நகா-இன் கோயில், கால் மணி நேர நடை. 830-இல் எந்நின் என்ற துறவி இக்கோயிலை நிறுவியபோது கியோத்தோவிலிருந்து தேயிலை விதை கொண்டுவந்து நட்டார் என்பது மரபுக் கதை. சயாமா தேயிலையின் மூலம் இதுவே என்று சொல்லும் கல் வளாகத்தில் இருக்கிறது. காலையில் பறித்த கொழுந்துக்கு ஊர் சொல்லும் பூர்வீகம். கூட்டமே இருக்காது.

அடுத்து ஐந்து நிமிடத்தில் கிதா-இன். 1638-இல் தீயில் அழிந்த இக்கோயிலுக்கு, ஜப்பானை ஆண்ட படைத்தலைவர் (ஷோகுன்) இயெமித்சு, எடோவில் (இன்றைய டோக்கியோ) இருந்த தன் கோட்டையிலிருந்தே கட்டடங்களைப் பெயர்த்து அனுப்பினார். அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் அறையும் அதில் ஒன்று. எடோ கோட்டை மாளிகை டோக்கியோவில் மிஞ்சவில்லை. அதன் துண்டைப் பார்க்க இங்கேதான் வர வேண்டும். வளாகத்தில் புத்தரின் சீடர்களான அருகர்களின் 538 கற்சிலைகள் உண்டு. வடக்கே நடந்தால் 1848-இல் கட்டிய கோட்டை மாளிகை.

நாலரைக்கு மேல் வணிகர் தெருவான இச்சிபன்காய். 1893-இல் நடந்த பெருந்தீயில் ஊரின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தது. 1792-இல் கட்டிய ஒசாவா வீடு தடித்த மண்சுவர் இருந்ததால் தப்பியது. அதைப் பார்த்த வணிகர்கள் பலரும் அதே பாணியில் கட்டினார்கள். சன்னல் கதவுகளின் ஓரத்தைக் கவனியுங்கள், படிக்கட்டு போல வெட்டப்பட்டிருக்கும். மூடினால் ஒன்றோடொன்று பூட்டி, தீப்பொறி நுழைய இடமிராது. கறுப்பு நிறம் சுண்ணாம்பில் கரிமை கலந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே தெருவில் இறங்காதீர்கள். நடைபாதை குறுகல், கார்களும் பேருந்துகளும் ஓடும் சாலை அது.

மிட்டாய்க் கடைகள் உள்ள சந்து, கஷியா யொகோச்சோவுக்கு ஐந்து மணிக்குள் போய்விடுங்கள். வணிகர் தெருவுக்குப் பக்கத்தில் உள்ள சுமார் 16 மீட்டர் உயர மரக் கோபுரத்தின் மணி காலை 6, நண்பகல், பிற்பகல் 3, மாலை 6 மணிக்கு அடிக்கும். மாலை மணிதான் எங்கள் தேர்வு, கடைகள் மூடிக் கூட்டம் வடிந்திருக்கும்.

கேள்வி: சுத்த சைவம். பட்டினிதானா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை, சர்க்கரைவள்ளிக்கிழங்குதான் ஊரின் பெருமை; வறுவல், அவித்தது, பலகாரம் என்று கிடைக்கும். சோயா சாறு தடவிச் சுட்ட அரிசி உருண்டையும் உண்டு. சோபா, உதோன் என்னும் நூடுல்ஸ் வகைகளின் குழம்புகளில் மீன் சாறு இருக்கும், காய்கறி மட்டும் மிதந்தாலும் நம்ப வேண்டாம். மதியத்துக்குக் கையில் கட்டிக்கொண்டு போங்கள். தெருவில் குப்பைத்தொட்டி அரிது, காலிப் பையும் வேண்டும்.

கேள்வி: குழந்தைக்குத் தேயிலைச் செடியால் ஒவ்வாமை வருமா?
– வாசகி, சேலம்

பதில்: செடியால் அரிது. ஆனால் தேயிலை, கமேலியா செடிகளில் வசந்த காலத்தின் பிற்பகுதியிலும் கோடை முடிவிலும் ஒரு கம்பளிப்பூச்சி வரும். அதன் நுண்முடி பட்டால் கடும் அரிப்பு. முழுக்கைச் சட்டை போடுங்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல், ஒட்டுநாடாவால் முடிகளை ஒற்றி எடுத்துப் பிறகு நீரில் கழுவுங்கள்.

கேள்வி: பச்சை இலையை ஊருக்குக் கொண்டுவரலாமா? வாங்கும் தூளை எப்படிப் போடுவது?
– வாசகர், திருச்சி

பதில்: பச்சை இலை வேண்டாம், தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் விமான நிலையத்தில் பறிமுதலாகும். கடையில் அடைத்த தேயிலையை வாங்குங்கள். இருவருக்கு 5 கிராம், 200 மில்லி நீர், 70 முதல் 80 டிகிரி, ஒரு நிமிடம். நெடுநேரம் ஆவியில் வேகவைத்த வகை என்றால் அரை நிமிடமே போதும். கொதிநீரை ஊற்றினால் கசப்பும் துவர்ப்பும் முந்திக்கொண்டு இறங்கும். வெப்பமானி தேவையில்லை, ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ பத்து டிகிரி குறையும். கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுங்கள், மிச்ச நீர் நின்றால் இரண்டாம் முறை கசக்கும்.