காட்டு வாத்தும் பறவைக் காய்ச்சல் வைரஸும்: கேள்வி பதில்

கல்லூரி மாணவி: ஐயா, வைரஸின் மரபணுவைப் படிக்கப் பறவையைப் பிடித்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை அம்மா. காட்டு வாத்துகளில் இது பெரும்பாலும் குடலில்தான் பெருகுகிறது. கரையில் கிடக்கும் ஈரம் காயாத எச்சமே போதும். எந்தப் பறவையுடையது என்பதையும் அதிலுள்ள டிஎன்ஏவே சொல்லிவிடும். என் வேலையில் பாதி எச்சம் பொறுக்குவதுதான். சம்பந்தி வீட்டாரிடம் இதைச் சொல்வதில்லை.

பறவை ஆர்வலர்: எச்5என்1 என்ற பெயரை வைத்தே எங்கிருந்து வந்தது என்று சொல்லலாமா?

முடியாது. வைரஸின் மரபணு எட்டு ஆர்என்ஏ துண்டுகளாக இருக்கிறது. பெயரிலுள்ள எச், என் என்பவை வைரஸின் மேற்பரப்பிலுள்ள இரு புரதங்கள்; ஆகவே பெயர் எட்டில் இரண்டு துண்டுகளை மட்டுமே காட்டும். ஒரே செல்லுக்குள் இரு வைரஸ்கள் புகுந்தால் துண்டுகள் இடம் மாறும்; எட்டில் ஒவ்வொன்றும் இரண்டில் எதிலிருந்தும் வரலாம். கணக்குப்படி 256 சேர்க்கைகள். 2014இல் ஆசியாவின் எச்5என்8 வட அமெரிக்காவை அடைந்தது. அங்கே எச்5என்2 தோன்றியபோது எட்டுத் துண்டுகளின் மரபணு எழுத்துகளையும் முழுதாகப் படித்தார்கள். ஐந்து ஆசியாவினுடையவை, மூன்று உள்ளூர்க் காட்டுப் பறவை வைரஸ்களிலிருந்து வந்தவை. பெயரோடு நின்றிருந்தால் இந்தக் கதை தெரிந்திருக்காது.

கோழிப்பண்ணைக்காரர்: எப்படிப் பார்த்தாலும் காட்டுப் பறவைதானே எங்களுக்கு நோயைக் கொண்டுவருகிறது?

பாதி உண்மை. நீர்ப்பறவை இந்த வைரஸுக்குத் தாய்வீடு; ஆனால் அங்கே அது பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். அதன் எச் புரதத்தை நொதி ஒன்று வெட்டினால்தான் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியும். சாதுவான வகையை வெட்டும் நொதிகள் குடலிலும் சுவாசப் பாதையிலும்தான் உண்டு. எச்5, எச்7 வகைகள் கோழிகளிடையே சுற்றும்போது அந்த வெட்டுமிடத்தில் புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்கள் சில கூடிவிடுவதுண்டு. பிறகு உடலெங்கும் உள்ள நொதிகள் வெட்டும், கோழி மடியும். இன்றைய கொடிய எச்5இன் மூதாதை 1996இல் சீனாவின் குவாங்டாங்கில் பண்ணையில் வளர்த்த கூஸ் (goose) வகை வாத்தில் கண்டெடுக்கப்பட்டது. 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகளைக் கொன்றது அதன் வாரிசுதான். செத்தவற்றில் வரித்தலை வாத்துகளே அதிகம். பண்ணையிலிருந்து காட்டுக்கும் பாதை உண்டு என்பதை மரபணு மரம், அதாவது மரபணுக்களை ஒப்பிட்டு வரையும் வைரஸின் வம்சாவளி, அப்பட்டமாகக் காட்டுகிறது.

திருநெல்வேலி வாசகர்: அந்த வரித்தலை வாத்து கூந்தன்குளத்துக்கும் வருகிறதே! போகலாமா?

தாராளமாகப் போங்கள் தம்பி, தொலைநோக்கியோடு. செத்த பறவையைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். எச்சம் பொறுக்கும் வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள்.