இரண்டு விடுதிகளுக்கு நடுவே ஒரு பனிமலை

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறோம். டிசம்பர் கடைசி வாரம் வேல்ஸில் இட்வல் காட்டேஜ் விடுதியில் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் கிளிடர் வௌர் மலையைத் தாண்டி பென்-இ-பாஸ் விடுதிக்கு நடந்து போகலாம் என்று ஆசை. ஏழெட்டு கிலோமீட்டர்தான். மலையும் 1001 மீட்டர். நம் கொடைக்கானலே அதைப்போல இரண்டு மடங்கு உயரம். போன கோடையில் ஸ்னோடன் ஏறினோம். பனியில் நடந்த பழக்கம் இல்லை. என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?
– ஒரு வாசகர், மான்செஸ்டர்

பதில்: தம்பி, என்ன எடுத்துப்போவது என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் தேதியை மாற்றுங்கள். டிசம்பர் கடைசியில் அங்கே காலை எட்டரைக்குத்தான் சூரியன் வரும், மாலை நான்கு மணிக்கு மறைந்துவிடும். உங்கள் கையில் இருப்பது ஏழரை மணி நேரம். பிப்ரவரி கடைசி வாரம் போனால் பத்து மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் கிடைக்கும். அதற்குள் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கொடைக்கானல் கணக்கை மறந்துவிடுங்கள். அங்கே இரண்டாயிரம் மீட்டரில் வீடும் கடையும் இருக்கின்றன. கிளிடர் வௌர் இருப்பது 53 டிகிரி வட அட்சத்தில், கடற்காற்று நேராக வந்து மோதும் இடத்தில். அடிவாரத்தில் 4 டிகிரி என்றால் உச்சியில் பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். காற்று சேர்ந்தால் உடம்புக்கு இன்னும் பல டிகிரி குறைவாகத் தெரியும். ஒருமுறை அந்த உச்சிக்குச் சற்றுக் கீழே, வரைபடத்தைப் பிரிக்கக் கையுறையைக் கழற்றினேன். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பத்து நிமிடத்தில் என்னால் பையின் ஜிப்பைக்கூட இழுக்க முடியவில்லை. அன்று கூட வந்தவர் இன்னொரு ஜோடி வைத்திருந்ததால் தப்பித்தேன். ஆளுக்கு இரண்டு ஜோடி கையுறை என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

நேரக் கணக்கு எப்படிப் போடுவது? நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். உங்கள் வழியில் ஏற்றம் சுமார் 700 மீட்டர். அதன்படி மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று வரும். அது கோடைக்கான கணக்கு. பனியில், பழக்கமில்லாத மூன்று பேருக்கு, அதை இரண்டால் பெருக்குங்கள். ஆறு மணி நேரம். டிசம்பரில் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

வழியில் உண்மையான சிக்கல் ஏரிக்கு மேலேதான். இட்வல் ஏரி வரை நல்ல கல் பாதை. அதைத் தாண்டினால் பாறைச் சுவரில் ஒரு பெரிய பிளவு தெரியும். ஆங்கிலத்தில் ‘சாத்தானின் அடுக்களை’ என்கிறார்கள். வேல்ஸ் மொழிப் பெயருக்குக் ‘கரும்பொந்து’ என்று பொருள். அதன் பக்கவாட்டில் ஏறும் பாதை வடக்கு பார்த்தது, குளிர்காலத்தில் வெயில் எட்டாது. பாறையிலிருந்து கசியும் தண்ணீர் பாதையின் மேலேயே கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். வேல்ஸில் பனி சீராகக் கிடப்பதில்லை; ஒரு வாரம் மழை, அடுத்த வாரம் உறைவு. கீழே பச்சைப் புல்லைப் பார்த்துவிட்டு மேலேயும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

அந்த இடத்துக்குக் கிராம்பானும் (பூட்ஸின் அடியில் மாட்டும் கூர்முள் சட்டம்) பனிக்கோடரியும் வேண்டும். ஓடும் ஷூவில் கிராம்பான் மாட்ட முடியாது, அடிப்பாகம் விறைப்பான பூட்ஸ் தேவை. கோடரியை வாங்கிவிட்டால் போதாது. சறுக்கும்போது அதைக் குத்தி நிற்பதைக் கை பழகியிருக்க வேண்டும். இதைத்தான் கற்றுக்கொள்ளச் சொன்னேன். பக்கத்திலேயே கேபல் கியூரிக்கில் பிளாஸ் இ பிரெனின் என்ற மலைப் பயிற்சி மையம் இருக்கிறது, குளிர்கால வகுப்புகள் நடத்துகிறார்கள். செலவாகும்தான். ஆனால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மற்றவை சுருக்கமாக: ஆளுக்கொரு ஹெட் டார்ச், மாற்று பேட்டரி, ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது, ஓஎல்17 என்ற காகித வரைபடம், திசைகாட்டி. குளிரில் செல்பேசி பேட்டரி திடீரென்று செத்துவிடும். உச்சி தட்டையானது, வடக்கே செங்குத்துப் பாறை. மேகம் இறங்கிவிட்டால் திசைகாட்டி இல்லாமல் நகரக்கூடாது.

இப்போது எனக்கு உங்களைப் பற்றி இருக்கும் பெரிய கவலை. வட்டமாகப் போய்த் திரும்புகிறவருக்கு, திரும்பினால் அவருடைய காரே நிற்கிறது. உங்களுக்கோ பணம் கட்டிய படுக்கையும் இரவுச் சாப்பாடும் மலைக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும். “இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம்தானே” என்று கால் முன்னாலேயே போகும். அந்தப் படுக்கையின் இழுப்பை ஊரிலேயே அறுத்துவிட வேண்டும். இட்வலில் இருந்து கேபல் கியூரிக் சுற்றிப் பென்-இ-பாஸுக்குச் சாலை இருக்கிறது, சுமார் 16 கிலோமீட்டர்தான். ஒரு டாக்ஸிக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அப்போது மலையிலிருந்து திரும்பினாலும் இரவு அதே படுக்கையில்தான் தூங்குவீர்கள். குளிர்காலத்தில் பல விடுதிகள் மொத்தமாக எடுக்கும் குழுக்களுக்கு மட்டுமே திறப்பார்கள் என்பதால், இரண்டு இடத்திலும் படுக்கை உறுதியான பிறகே மற்றதைத் தொடங்குங்கள்.

ஒரு நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எட்டரைக்குக் கிளம்பினால், பிளவுக்கு மேலே இருக்கும் நாய்கள் ஏரியை பதினொரு மணிக்குள் தொட வேண்டும். தொடவில்லையா, திரும்புங்கள். மூவரில் ஒருவர் தயங்கினாலும் திரும்புங்கள், வாக்கெடுப்பு வேண்டாம்.

டிசம்பர் விடுமுறையை விட மனமில்லை என்றால், சரி, இட்வல் ஏரியை மட்டும் சுற்றி வாருங்கள். அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் பனியாறு செதுக்கியது. 1831இல் டார்வின் அங்கே புதைபடிவம் தேடி அலைந்தார். கண்முன் கிடந்த பனியாற்றுத் தடயம் ஒன்றையும் கவனிக்கவில்லை. 1842இல் மறுபடி வந்தபோதுதான் கண்டுகொண்டார். மேலே ஏறாமலே ஒரு முழுப்பகல் பார்க்க அங்கே விஷயம் இருக்கிறது.

ஆபத்து என்றால் 999, போலீஸைக் கேட்டு மலை மீட்புக் குழுவைச் சொல்லுங்கள். சிக்னல் குறைவான இடத்தில் எஸ்எம்எஸ் போகக்கூடும். அதற்கு முன்பே ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை. வருகிறவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள், சொந்த வேலையை விட்டுவிட்டு இருட்டில் ஏறி வருவார்கள். அதனால் இரண்டு விடுதியிலும் உங்கள் வழியையும் சேரும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். பென்-இ-பாஸ் விடுதியின் எண் மூன்று பேர் செல்பேசியிலும் இருக்கட்டும். பாதியில் திரும்பிவிட்டால் முதல் அழைப்பு அவர்களுக்குப் போக வேண்டும்.