எட்டில் மூன்று, நூற்றுப் பதினெட்டில் பதினெட்டு

கேள்வி: வணக்கம் சேர். வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாகப் பில் போடும் மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். வரி சேர்த்து 2,360 ரூபாய் என்று விலை போட்டிருந்த ஒரு பருத்திச் சேலையில் ‘வட்’, அதாவது பெறுமதி சேர் வரி, எவ்வளவு என்று வாங்க வந்தவர் கேட்டார். 18 வீதம்தானே என்று 2,360ஐ 0.18ஆல் பெருக்கி, 424 ரூபாய் 80 சதம் என்றேன். கணக்குப் பார்க்கும் அண்ணா 360 ரூபாய் என்று திருத்தினார். ஏன் என்று இன்னும் விளங்கவில்லை. வீட்டில் தரம் 7 படிக்கும் மகள், 3/8ஐத் தசமமாக மாற்றச் சொன்னால் 3.8 என்று எழுதுகிறாள். பின்னம், தசமம், சதவீதம் மூன்றும் ஒன்றுதான் என்று படித்தது நினைவிருக்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றப் போனால்தான் இருவரும் தடுமாறுகிறோம்.

பதில்: உங்களுடைய தடுமாற்றமும் மகளுடையதும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. இரண்டிலும் விடுபட்டது ‘எதில்?’ என்ற கேள்வி. எதில் மூன்று? எதில் பதினெட்டு?

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. 3/8ஐ நாம் ‘எட்டில் மூன்று’ என்று வாசிக்கிறோம். முழுசு எத்தனை பங்கு என்பது முதலில் வருகிறது, அதில் எத்தனையை எடுத்தோம் என்பது பிறகு. 18 வீதத்தையும் ‘நூற்றுக்குப் பதினெட்டு’ என்றுதான் சொல்கிறோம். நான் பம்பலப்பிட்டியில் பின்னேர வகுப்பு எடுப்பவன். வருகிற பிள்ளைகளிடம் முதலில் செய்விப்பது, பின்னத்தை வாய்விட்டு இப்படிச் சொல்லவைப்பதுதான். கோட்டுக்கு மேலே மூன்று, கீழே எட்டு என்று கண்ணால் மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு அந்தக் கோடு ஒரு புள்ளியாகத் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் 3.8. ‘எட்டில் மூன்று’ என்று சொல்லிவிட்டு, ‘இது ஒரு முழுசுக்குக் கூடவா, குறையவா?’ என்று கேட்டால், குறைய என்று உடனே சொல்வாள். அப்படியானால் மூன்று முழுசுக்கும் மேலே போகிற 3.8 எப்படி வரும்? இதை அவளே கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இனி மாற்றும் வேலை. இதற்குக் கையில் இருக்கிற நல்ல கருவி நம்முடைய காசுதான். ஒரு ரூபாய்க்கு நூறு சதம். சதம் என்ற சொல்லுக்கே நூறு என்றுதான் பொருள். இந்தியாவில் 1957 வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். இங்கே 1872 முதலே ரூபாயும் சதமும்தான். சில்லறைச் சதங்கள் இப்போது கைக்கு வருவதில்லை என்றாலும் உங்கள் பில்லின் கடைசி இரண்டு இலக்கத்தில் அவை இன்னும் இருக்கின்றன.

மகளிடம் சொல்லுங்கள்: மூன்று ரூபாயை எட்டுப் பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு ரூபாய் வராது. சரி, சதமாக மாற்று. முந்நூறு சதம், எட்டுப் பேர். ஆளுக்கு 37 சதம், மிச்சம் 4 சதம். அந்த நாலையும் எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு அரைச் சதம். ஆக ஒருவருக்கு 37.5 சதம். இதையே ரூபாயில் எழுதினால் 0.375.

மூன்று வடிவமும் இந்த ஒரு கணக்கில் வந்துவிட்டன. எட்டுப் பேருக்கு மூன்று ரூபாய் என்பது பின்னம், 3/8. ஒருவருடைய பங்கை ரூபாயில் எழுதினால் தசமம், 0.375. அதையே சதத்தில் எண்ணினால் சதவீதம், 37.5%. மேலே உள்ள தொகுதியைக் கீழே உள்ள பகுதியால் வகுக்கச் சொல்லும் விதியும், தசமத்தை நூறால் பெருக்கினால் சதவீதம் என்ற விதியும் இதில் அடக்கம். ரூபாயைச் சதமாக்கும்போது நூறால் பெருக்குகிறோம், அவ்வளவுதான். புள்ளி இரண்டு தானம் வலப்பக்கம் போவதும் அதனால்தான்.

திரும்பி வருவதும் இதே வழிதான். 37.5% என்றால் நூறில் 37.5. பின்னத்துக்குள் புள்ளி நிற்கக்கூடாது என்பதால் மேலும் கீழும் பத்தால் பெருக்கி, ஆயிரத்தில் 375 என்று எழுதுங்கள். இரண்டையும் 125ஆல் சுருக்கினால் 3/8. 125 கண்ணில் படாவிட்டால் ஐந்தால் மூன்று தடவை சுருக்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

சதத்தை மனதில் வைத்திருந்தால் பெரிய பிள்ளைகளும் விடுகிற ஒரு பிழை தானாகவே மறையும். 7 வீதத்தை 0.7 என்று எழுதுவார்கள். ஏழு சதத்தை ரூபாயில் எழுதச் சொல்லிப் பாருங்கள்: 0.07. எழுபது சதம்தான் 0.70. அதேபோல 0.5% என்பது அரைச் சதம், ஐம்பது சதமல்ல. 125% என்பது ஒரு ரூபாய் 25 சதம். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு இதைச் சரிபாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் பிடிப்பது 8 வீதம், முதலாளி போடுவது 12 வீதம். நிதிக்குரிய சம்பளம் 60,000 ரூபாய் என்றால், 0.08ஆல் பெருக்க 4,800. அவசரத்தில் 0.8 என்று தட்டினால் 48,000 என்று காட்டும். முக்கால்வாசிச் சம்பளத்துக்கும் மேலே பிடிப்பார்களா என்று மனம் கேட்க வேண்டும். இரண்டு பங்கையும் சேர்த்தால் 20 வீதம், அதாவது ஐந்தில் ஒன்று, 12,000 ரூபாய். இதற்குக் கல்குலேட்டரே தேவையில்லை.

சரி, உங்கள் சேலைக்கு வருவோம். பெறுமதி சேர் வரி 18 வீதம் என்றால், வரி போடுவதற்கு முந்திய விலை நூறாக இருக்கும்போது வரி பதினெட்டு. வாங்குபவர் கொடுப்பது நூற்றுப் பதினெட்டு. உங்கள் கையில் இருந்த 2,360 ரூபாய் அந்த நூற்றுப் பதினெட்டு. அதை நீங்கள் நூறு என்று எடுத்துக்கொண்டீர்கள், பிழை அவ்வளவுதான். இப்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: நூற்றுப் பதினெட்டில் பதினெட்டு. 2,360ஐ 118ஆல் வகுத்தால் 20. இருபதைப் பதினெட்டால் பெருக்கினால் 360. உங்கள் கணக்கர் அண்ணா சொன்னது சரி. வரி போடுவதற்கு முந்திய சேலை விலை 2,000 ரூபாய். அதில் 18 வீதம் 360 வருகிறதா என்று திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

கல்குலேட்டரில் இன்னும் சுருக்கமான வழி, 2,360ஐ 1.18ஆல் வகுப்பது. நேரே 2,000 வரும். இந்த 1.18 ஒரு ரூபாய் 18 சதம்தான். வரியின் வீதம் மாறினாலும் வழி மாறாது. 2023இல் அது 15 வீதமாக இருந்தது, அப்போது நூற்றுப் பதினைந்தில் பதினைந்து. 2024 ஜனவரி முதல் 18.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக விரும்புகிறேன், ஏனென்றால் கடையில் இருப்பவர்களுக்கு இது திரும்பத் திரும்ப வரும். 4,000 ரூபாய்ச் சேலைக்கு 25 வீதம் கழிவு போட்டு 3,000க்கு விற்கிறீர்கள். கழிவுக் காலம் முடிந்ததும் யாரோ ஒருவர் ‘25 வீதம் கூட்டிப் பழைய விலைக்குக் கொண்டுவா’ என்கிறார். 3,000இல் 25 வீதம் 750. விலை 3,750இல் நின்றுவிடும். 250 ரூபாய் எங்கே போனது? குறைக்கும்போது நாலாயிரத்தில் கால் பங்கு எடுத்தோம். கூட்டும்போது கையில் இருப்பது மூவாயிரம். எடுத்த அந்த ஆயிரம், நாலாயிரத்துக்கு நான்கில் ஒன்று, மூவாயிரத்துக்கோ மூன்றில் ஒன்று. எனவே கூட்ட வேண்டியது 33⅓ வீதம். சதவீதமாகப் பார்த்தால் 25க்கும் 33⅓க்கும் என்ன உறவென்று தெரியாது. பின்னமாக எழுதியவுடன் தெரிந்துவிடும். நான்கில் ஒன்றைக் குறைத்தால் மூன்றில் ஒன்றைக் கூட்டு, ஐந்தில் ஒன்றைக் குறைத்தால் நான்கில் ஒன்றைக் கூட்டு. வாங்கிய விலையில் 25 வீதம் இலாபம் என்று ஒருவரும், விற்ற விலையில் 20 வீதம் என்று மற்றவரும் சொன்னால், இருவரும் ஒரே காசைத்தான் சொல்கிறார்கள். சண்டை வேண்டாம்.

‘20 வீதக் கழிவு, அதற்கு மேல் இன்னும் 10 வீதம்’ என்பதையும் இப்படியே பாருங்கள். 5,000 ரூபாய் முதலில் 4,000 ஆகும், அந்த நாலாயிரத்தில் 10 வீதம் போக 3,600. மொத்தக் கழிவு 28 வீதம். முப்பது என்று வாங்குபவர் நினைத்துக்கொண்டு வருவார், பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள்.

எப்போது எந்த வடிவம் நல்லது என்பதற்கு நான் பழகிய வழக்கம் இது. வெட்டவும் பிரிக்கவும் பின்னம். கல்குலேட்டரில் தட்டத் தசமம். ஒன்றோடொன்று ஒப்பிடச் சதவீதம். துணி வெட்டுமிடத்தில் நீங்கள் ‘இரண்டே முக்கால் மீற்றர்’ என்றுதான் சொல்லியிருப்பீர்கள். பில் மேசையில் அதையே 2.75 என்று தட்டி, மீற்றர் 1,480 ரூபாய் என்றால் 4,070 என்று போடுவீர்கள். மகள் ஒரு பாடத்தில் 25க்கு 18ம் இன்னொன்றில் 40க்கு 27ம் எடுத்து வந்தால், 72% எது, 67.5% எது என்று பார்த்தால்தான் எதில் நன்றாகச் செய்தாள் என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் பின்னமும் தசமத்தில் முடிவதில்லை. சுருக்கிய பிறகு பகுதியில் 2, 5 ஆகிய காரணிகள் மட்டும் இருந்தால் முடியும், வேறு ஏதாவது கலந்திருந்தால் முடியாது. 8, 20, 25, 40 முடிபவை. 3, 6, 7, 12 முடியாதவை. ஒரு ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 33 சதம், ஒரு சதம் மிச்சம். அதையும் பிரிக்கப் போனால் மறுபடியும் மிச்சம். 0.333 என்று போய்க்கொண்டே இருக்கும், இதைத்தான் பாடத்தில் மீளும் தசமம் என்கிறார்கள். இடையில் வெட்டிவிட்டால் வெட்டியது எங்காவது கணக்கில் தட்டும். மூன்று சகோதரர்களுக்கு 900,000 ரூபாயைப் பிரிக்க ஒருவர் 0.33ஆல் பெருக்கினால் ஆளுக்கு 297,000 வரும், 9,000 ரூபாய் யாருக்கும் சேராமல் மேசையில் கிடக்கும். அதனால் மூன்றும் ஆறும் பன்னிரண்டும் வருகிற கணக்கைக் கடைசி வரிவரை பின்னமாகவே கொண்டுபோகச் சொல்லுங்கள். தசமமாக்குவது விடையில்தான்.

மகளுக்கு இன்னொன்றும் சொல்லிக் கொடுங்கள். கால், அரை, முக்கால் அவளுக்குத் தெரியும். அவற்றுக்குக் கீழேயும் நமக்குப் பெயர்கள் உண்டு. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, 12.5%. மா இருபதில் ஒன்று, 5%. காணி எண்பதில் ஒன்று, 1.25%. மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி: 5%ம் 1.25%ம் சேர்ந்து 6.25%, அதாவது பதினாறில் ஒன்று. வீசம் என்பதும் அதுதான். பெயரே கூட்டல் கணக்காக நிற்கிறது. ஊரில் காணி பற்றிக் கதைக்கும்போது வருகிற பரப்பும் இதே அளவு: ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு, ஒரு பரப்புக்குப் பத்துப் பேர்ச். 7,600 ரூபாய்ச் சேலைக்கு 12.5% கழிவு என்றால், அரைக்கால் என்று நினைத்து எட்டால் வகுத்து 950 என்று அவள் கல்குலேட்டரை முந்திவிடலாம்.

கடைசியாக, இன்றிரவே செய்ய ஒரு பயிற்சி. உங்களிடம் 916 என்று முத்திரை குத்திய மோதிரமோ காப்போ இருந்தால் அவள் கையில் கொடுங்கள். செட்டியார் தெருவில் வாங்கும்போது 22 கரட் என்று சொல்லித் தருவது இதைத்தான். சுத்தத் தங்கம் 24 கரட், ஆகவே இது இருபத்து நான்கில் இருபத்திரண்டு. சுருக்கினால் பன்னிரண்டில் பதினொன்று. வகுத்தால் 0.91666 என்று ஆறுகள் முடியாமல் போகும். முத்திரையில் இருப்பது அதன் முதல் மூன்று இலக்கம், ஆயிரத்தில் 916 என்று பொருள். சதவீதத்தில் 91.67 என்று வைத்துக்கொள்ளலாம். 8 கிராம் பவுண் ஒன்றில் சுத்தத் தங்கம் எவ்வளவு என்று கேட்டால், எட்டைப் பதினொன்றால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்து 7⅓ கிராம் என்று அவள் சொல்ல வேண்டும். பிறகு 21 கரட்டுக்கு என்ன முத்திரை வரும் என்று கேளுங்கள். இருபத்து நான்கில் இருபத்தொன்று, மூன்றால் சுருக்கினால் எட்டில் ஏழு. எட்டில் மூன்றை 3.8 என்று எழுதிய அதே கொப்பியில், எட்டில் ஏழுக்கு 0.875 என்று எழுதிவிட்டு, முத்திரை 875 என்று அவளே சொல்வாள்.