குனியும் முன்பே முடிவு: பூல் (பில்லியர்ட்ஸ் வகை மேசையாட்டம்) கேள்வி பதில்

கேள்வி: தனியாக ஆடும்போது நன்றாகவே போடுகிறேன். போட்டியில் நேர்ப் பந்துகூட பாக்கெட் (பந்து விழும் குழி) விளிம்பில் தட்டி நிற்கிறது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் ஒரே ஒழுங்கு வேண்டும் என்கிறார்கள். எங்கே தொடங்குவது? (கோவை வாசகர்)

பதில்: நிற்கும்போது. எந்தப் பந்து, எந்த பாக்கெட், வெள்ளைப் பந்து (க்யூ கோலால் நாம் அடிக்கும் பந்து) எங்கே போய் நிற்க வேண்டும், எவ்வளவு வேகம், ஸ்பின் உண்டா இல்லையா எல்லாவற்றையும் நின்றபடியே தீர்மானித்துவிடுங்கள். க்யூ நுனியில் சாக் (சுண்ணப்பொடிக் கட்டி) தடவும் நேரம் இதற்குப் போதும்.

பிறகு வெள்ளைப் பந்துக்குப் பின்னால் ஓரடி தள்ளி, ஷாட் போகும் கோட்டிலேயே நில்லுங்கள். பூல் பந்தின் விட்டம் சுமார் 57 மி.மீ. போடவேண்டிய பந்தின் மையத்திலிருந்து, பாக்கெட்டுக்கு நேரெதிர்த் திசையில் அதே 57 மி.மீ. தள்ளி வெள்ளைப் பந்தின் மையம் வந்து சேர வேண்டும். அந்த இடத்தில் ஒரு பந்து இருப்பதாகவே பாருங்கள். அதிலிருந்து கண்ணை எடுக்காமல், வலக்கைக்காரர் என்றால் வலது காலை முதலில் கோட்டின்மேல் வைத்து, அப்புறம் குனியுங்கள். பக்கவாட்டிலிருந்து வந்து குனிபவர்களுக்குத்தான் குறி அதிகம் தவறுகிறது.

குனிந்தபின் குறி பிசகாகத் தெரிந்தால் எழுந்துவிடுங்கள். பலர் இங்கே மணிக்கட்டை லேசாகத் திருப்பிச் சரிசெய்கிறார்கள். காலும் தோளும் பழைய கோட்டிலேயே இருக்கும். அடிக்கும் கணத்தில் கை அந்தக் கோட்டுக்கே திரும்பிவிடும். நேர்ப் பந்து தவறுவதற்கு இது முக்கியக் காரணம். போட்டியில் எழுந்திருக்க வெட்கப்படுகிறோம், அவ்வளவுதான்.

கேள்வி: அடிப்பதற்கு முன் க்யூவை எத்தனை முறை ஆட்டிப் பார்க்க வேண்டும்?

பதில்: மூன்றோ நான்கோ, எண்ணிக்கை உங்கள் விருப்பம், ஆனால் மாறக்கூடாது. இன்று இரண்டு, நாளை ஏழு என்றால் கை எப்போது அடிப்பது என்று தெரியாமல் தவிக்கும். டிப் (க்யூவின் நுனி) வெள்ளைப் பந்துக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் நிற்கட்டும். பட்டுவிட்டால் ஃபவுல். விரல்பாலத்துக்கும் (க்யூவைத் தாங்க மேசையில் ஊன்றும் கை) பந்துக்கும் 20 முதல் 25 செ.மீ. இடைவெளி பொதுவாகப் போதும். கடைசியாகப் பின்னுக்கு இழுத்ததும் ஒரு கணம் நிறுத்திவிட்டு அடியுங்கள். அவசரக் குத்து குறையும்.

கேள்வி: அடிக்கும்போது எந்தப் பந்தைப் பார்ப்பது?

பதில்: ஆட்டிப் பார்க்கும்போது பார்வை இரண்டு பந்துக்கும் மாறி மாறிப் போகலாம். டிப் சரியான புள்ளியில் இருப்பது உறுதியானதும், போடவேண்டிய பந்தில் பார்வையை நிறுத்துங்கள். பந்து கிளம்பும்வரை தலை அசையக் கூடாது. பிரேக் (ஆட்டத்தின் முதல் அடி) அடிக்கும்போது மட்டும் கடைசிப் பார்வை வெள்ளைப் பந்தில் இருப்பதைப் பலர் விரும்புகிறார்கள், அதில் தப்பில்லை.

கேள்வி: இத்தனையும் செய்தால் எதிராளி பொறுமை இழக்க மாட்டாரா?

பதில்: மாட்டார். அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் மோதும் மோஸ்கோனி கோப்பை பூல் போட்டியில் ஒரு ஷாட்டுக்கு 30 விநாடி தருகிறார்கள். இந்த ஒழுங்கு பழகியபின் அதில் பாதிக்குள் முடிந்துவிடும். பழகும்போது செல்போனைப் பக்கவாட்டில் வைத்து 10 நேர்ப் பந்துகளைப் பதிவு செய்யுங்கள். விழுந்த பந்துகளை விட்டுவிடுங்கள். எத்தனை முறை ஆட்டினீர்கள், எந்த ஷாட்டில் தலை தூக்கியது என்பதை மட்டும் எண்ணுங்கள்.