அச்சும் எழுத்தும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தேயிலைத்தூளைச் சிறு உறைகளில் அடைத்து விற்கிறோம். 'நீல்கிரி' என்று தொடங்கும் பெயரை முகப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போடோனி எழுத்துருவில் டிசைனர் அமைத்தார். திரையில் கண்ணைப் பறித்த அந்தப் பெயர், பழுப்பு கிராஃப்ட் உறையில் அச்சானபோது ஆங்காங்கே அறுந்து கிடக்கிறது. எழுத்துருவையே மாற்றிவிடச் சொல்கிறார் அச்சகத்தார். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகி, குன்னூர்

பதில்: முதலில் காகிதத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். போடோனி, டிடோ போன்ற எழுத்துருக்களின் அழகெல்லாம் தடித்த கோட்டுக்கும் மயிரிழைக் கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இருக்கிறது. எழுத்தின் நுனிகளில் வரும் செரிஃப் என்ற குறுங்கோடுகளும் அவற்றில் மயிரிழையாகவே நிற்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பார்மாவில் ஜாம்பத்திஸ்தா போடோனியும் பாரிஸில் ஃபிர்மான் டிடோவும் இந்தப் பாணியை உருவாக்கியபோது, வழவழப்பான காகிதமும் தரமான மையும் வந்துவிட்டிருந்ததால்தான் அவ்வளவு மெல்லிய கோடு தாளில் பதிந்தது. கிராஃப்ட் காகிதமோ சொரசொரப்பானது. அதன் மேட்டில் படும் மை பள்ளத்தில் படுவதில்லை.

உங்கள் பெயரின் முதலெழுத்தான 'என்'னைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அதில் சாய்கோடு மட்டுமே தடிப்பு, இரு பக்கச் செங்குத்துக் கோடுகளும் மயிரிழை. அவை விட்டுப்போனால் எஞ்சுகிற ஒற்றைச் சாய்கோட்டை யாரும் எழுத்தாகப் படிக்கமாட்டார்கள். (ஊட்டி என்று போட்டிருந்தால் இரண்டு 'ஓ'வும் மேலும் கீழும் திறந்துகொண்டு அடைப்புக்குறிகளாகியிருக்கும்!)

கிராஃப்ட் உறையை விட மனமில்லையென்றால், பெயரை மட்டும் ஆர்ட் பேப்பர் எனும் வழவழப்பான தாள் ஸ்டிக்கரில் அச்சிட்டு உறைமேல் ஒட்டுங்கள். நான் இதையே பரிந்துரைப்பேன். மிக மெல்லிய கோடு 0.25 பாயிண்டுக்குக் (பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு) குறையக்கூடாது, கரும்பின்னணியில் வெள்ளையாக வரும் ரிவர்ஸ் எழுத்தென்றால் 0.5 பாயிண்டாவது வேண்டும் என்பது ஆஃப்செட் அச்சில் பொதுவாகக் கைக்கொள்ளும் கணக்கு. அதற்காக எழுத்தைப் பெரிதாக்கலாம், அல்லது சிறிய அளவுக்கென வரையப்பட்ட வடிவத்தைத் தேடலாம். ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற அமெரிக்க ஃபேஷன் இதழுக்காக 1990களின் தொடக்கத்தில் எழுத்துரு வடிவமைப்பாளர் ஜோனதன் ஹோஃப்லர் டிடோவை மறுபடி வரைந்தபோது, எந்த அளவிலும் மயிரிழை மயிரிழையாகவே தெரியவேண்டுமென்று 6 பாயிண்ட் முதல் 96 பாயிண்ட் வரை ஏழு அளவுகளுக்குத் தனித்தனி வடிவங்கள் அமைத்தார். உங்கள் டிசைனர் பெரிய தலைப்புக்கான வடிவத்தை அப்படியே சுருக்கியிருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். எடை, விலை, தேதி ஆகியவற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் இந்த எழுத்துருவில் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் தங்கும் விடுதியின் சாலையோரப் பலகைக்குப் பிளேஃபேர் டிஸ்ப்ளே எழுத்துரு பொருந்துமா? பெயர் தமிழிலும் வேண்டும்.
– வாசகர், கொடைக்கானல்

பதில்: பொருந்தாது. இதுவும் தடித்த கோடும் மெல்லிய கோடும் கலந்த எழுத்துருதான். மஞ்சு மூடிய கொண்டை ஊசி வளைவில் வண்டியோட்டி வருபவரின் பார்வைக்கு முதலில் தப்புவது மெல்லிய கோடுகள்தான். பிளேஃபேரை வரவேற்பறைச் சுவருக்கும் உணவுப் பட்டியலின் தலைப்புக்கும் வைத்துக்கொண்டு, பலகைக்குச் சீரான தடிப்புள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். தவிர, பிளேஃபேரில் தமிழ் எழுத்துகள் கிடையாது. தமிழில் தட்டினால் கணினி தன்னிடமுள்ள வேறேதாவது எழுத்துருவை அந்த இடத்தில் நிரப்பிவிடும். உள்ளே வைக்கும் பலகைகளில் தமிழுக்கு இலவசமாகக் கிடைக்கும் 'நோட்டோ செரிஃப் தமிழ்' எழுத்துருவின் தடித்த வடிவத்தைப் பிளேஃபேரின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.